மொட்டை மாடியில் ஒரு டைபோல்

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்ததும் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஆன்டெனா வாங்கலாம் என்பதுதான். ஒன்றும் வாங்க வேண்டாம், ஒரு டைபோல் கட்டுங்கள் என்பேன். கட்டி முடித்தவர்கள் கொஞ்ச நாளில் போன் செய்வார்கள். "எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டுது சார், ஆன்டெனா நல்லாத்தானே இருக்கு?" இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எண் வேண்டியதுதான். ஆனால் அது தருவது ஒரே ஒரு சேதி: அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. ஆன்டெனா நல்லதா என்பதற்கு வேறு இடத்தில் பதில் தேட வேண்டும். டீ சொல்லியாச்சு, உட்காருங்கள். ஒயரிலிருந்தே ஆரம்பிப்போம்.

நீளமான ஒரு ஒயரை நடுவில் வெட்டி, வெட்டிய இரண்டு முனைகளிலும் ரேடியோவிலிருந்து வரும் கேபிளை இணைத்தால் அதுதான் டைபோல். 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியதும் இந்த வடிவத்தில்தான். நடுவில் தீப்பொறி இடைவெளி, இருபுறமும் உலோகக் கம்பி. இன்றைக்கும் மற்ற ஆன்டெனாக்களின் திறனை டைபோலோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கம் இருக்கிறது.

ஒயரின் மொத்த நீளம் அலைநீளத்தில் பாதியாக இருக்கும்போது மின்னோட்டம் நடுவில் உச்சமாகவும் முனைகளில் சுழியாகவும் நிற்கும். வோல்டேஜ் இதற்கு நேர்மாறு, முனைகளில்தான் உச்சம். 100 வாட்ஸ் கொடுத்தால் முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். அதனால்தான் முனைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மாடியில் துணி காயப் போடுகிறவர்கள் உண்டு, குழந்தைகள் உண்டு.

எந்த பேண்டுக்குக் கட்டுவது? 40 மீட்டருக்குக் கட்டுங்கள். நம் நாட்டில் அது 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. பகலில் ஊருக்கு ஊர் பேசவும் இரவில் கடல் தாண்டவும் இந்த ஒரே பேண்ட் உதவும். நடுவில் 7.1 என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் இதன் அரை அலைநீளம் சுமார் 21.1 மீட்டர். ஆனால் ஒயரின் முனைகளில் ஏற்படும் விளைவால் உண்மையில் தேவைப்படுவது ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வரும்: 20.14. பாதிக்கு 10.07 மீட்டர். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனாலும் முதலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10.3 மீட்டராகவே வெட்டுங்கள். கூடுதலாக இருப்பதைக் குறைப்பது எளிது. குறைவாக வெட்டிவிட்டால் ஒட்டுப் போட வேண்டும், ஒட்டுப் போட்ட இடம் ஒரு நாள் அறுந்து விழும்.

ஒயருக்கு எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் மல்டிஸ்ட்ராண்ட் செம்பு ஒயர் போதும். உறையை உரிக்க வேண்டாம், அது உப்புக் காற்றிலிருந்து காக்கும். முனைகளுக்கு முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர். கிடைக்காவிட்டால் இரண்டு ஓட்டை போட்ட கெட்டியான பி.வி.சி. பைப் துண்டு. கயிறு விஷயத்தில் கவனம் தேவை. நம் வெயிலில் சாதாரண பிளாஸ்டிக் கயிறு சீக்கிரமே நாராக உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கயிறு கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் வெயிலைத் தாங்கும்.

நடு இணைப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி ஆன்டெனாக்கள் சாவது அங்கேதான். கோஆக்ஸ் கேபிளுக்குள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி செம்புப் பின்னல். நடுக்கம்பி ஒரு பக்க ஒயருக்கு, பின்னல் மறுபக்க ஒயருக்கு. ஒயரின் இழுவிசை முழுவதையும் இன்சுலேட்டர் தாங்க வேண்டும், ஈயம் வைத்த இடம் தாங்கக் கூடாது. எனவே ஒயரை இன்சுலேட்டர் ஓட்டையில் நுழைத்து முறுக்கிக் கட்டிவிட்டு, தொங்கும் வாலில் ஈயம் வைக்க வேண்டும். கேபிளின் வாய் திறந்திருந்தால் மழைநீர் பின்னல் வழியாக ஊறி ஊறி மீட்டர் கணக்கில் கீழே இறங்கிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி சுற்றுங்கள். அதற்கு மேல் சாதாரண கறுப்பு டேப், வெயிலுக்காக.

அடுத்தது பாலன். டைபோல் இரு பக்கமும் சமமான அமைப்பு, கோஆக்ஸ் அப்படி இல்லை. நேராக இணைத்தால் மின்னோட்டத்தில் ஒரு பகுதி பின்னலின் வெளிப்புறத்திலேயே வழிந்து கீழே வரும். அப்போது கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஒலிபரப்பும்போது மைக்கில் கை சுடும், பக்கத்து ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்கும். அதைவிடப் பெரிய கெடுதல் கேட்கும்போது நடக்கிறது: வீட்டுக்குள் இருக்கும் எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சலையெல்லாம் அந்தப் பின்னல் சேகரித்து ரிசீவருக்குக் கொண்டுவரும். 2.4 அங்குல ஃபெரைட் வளையம் ஒன்றில் அதே கோஆக்ஸை 10, 12 சுற்று சுற்றி, நடு இணைப்புக்குக் கீழே வைத்தால் போதும், அதுதான் பாலன், இந்த வழிதல் அடங்கிவிடும். புதியவர்கள் காசு மிச்சம் பிடிக்க நினைத்துக் கைவிடும் முதல் பொருள் இதுதான். தயவுசெய்து விடாதீர்கள்.

இனி மாட்டும் இடம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஈ.பி. லைன் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒயரோ, கயிறோ, பைப்போ எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் லைனைத் தொட வாய்ப்பில்லாத இடமாக இருக்க வேண்டும். இதில் சமரசமே இல்லை. லைனின் மேலே தாண்டிப் போகும் ஒயரும் கூடாது, கீழே நுழைந்து போகும் ஒயரும் கூடாது.

இரண்டு உயரமான கம்பங்கள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மாடியின் நடுவில் ஒரே பைப்பை நட்டு, உச்சியில் நடு இணைப்பைக் கட்டி, இரண்டு ஒயர்களையும் சரிவாக இறக்கினால் தலைகீழ் வி. இரு கைகளுக்கும் நடுவே உள்ள கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 120 இருந்தால் இன்னும் நல்லது. வெட்டவெளியில் டைபோலின் மின்மறுப்பு 73 ஓம். தலைகீழ் வி-யாக இறக்கும்போது அது 50-ஐ நெருங்கும், அதாவது நம் கேபிளுக்கும் ரேடியோவுக்கும் ஏற்ற அளவுக்கு. தென்னையில் கட்டுகிறவர்கள் ஒயரை விறைப்பாக இழுக்கக் கூடாது, காற்றில் மரம் ஆடும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பியில் விட்டு எடை ஒன்றைத் தொங்கவிட்டால் மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கும், ஒயர் அறுகாது.

உயரம் போதவில்லையே என்று பலருக்கு வருத்தம். இரண்டு மாடி வீட்டின் மேல் நட்டால் நடு இணைப்பு தரையிலிருந்து 10, 12 மீட்டரில் நிற்கும். 40 மீட்டர் பேண்டுக்கு அது கால் அலைநீளம்தான். அந்த உயரத்தில் டைபோலின் சக்தியில் பெரும்பகுதி வானத்தை நோக்கிச் செங்குத்தாகப் போகிறது, அயனிமண்டலத்தில் பட்டு, நீரூற்று விழுவதுபோல் சுற்றிலும் இறங்குகிறது. ஐரோப்பாவோடு பேச ஆசைப்படுகிறவருக்கு இது குறை. சென்னையிலிருந்து நாகப்பட்டினத்தோடும் மதுரையோடும் நாகர்கோவிலோடும் பேச விரும்புகிறவருக்கு இதுதான் வரம். நமக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தையும் கேரளத்தையும் ஒட்டிப் போகிறது. 1960-களில் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். இந்தப் பட்டையில் பகல் நேர அயனிமண்டலம் அடர்த்தியானது. நேர் மேலே அனுப்பும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெரும்பாலான நாட்களில் திருப்பி அனுப்பிவிடும். கஜா மாதிரி ஒரு புயலில் செல் டவர்கள் சாய்ந்து கிடக்கும்போது நமக்குத் தேவைப்படுவது இந்த 200, 300 கிலோமீட்டர்தான். தாழ்வான டைபோலைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது எந்தத் திசையில் கட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இடம் எப்படி அமைகிறதோ அப்படிக் கட்டுங்கள்.

மேலே ஏற்றியாயிற்று, இனி சோதனை. ரேடியோவைத் தொடுவதற்கு முன் கேபிளின் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். நான் சொன்ன ஃபெரைட் வளைய அமைப்பில் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. தொடர்பு காட்டினால் கனெக்டரில் பின்னலின் ஒரு இழை எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது. பிறகு நானோவிஎன்ஏ. ஆன்டெனாவை அளக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி. முதலில் அதோடு வரும் மூன்று முனைகளையும் மாட்டி அளவு திருத்திக்கொண்டு, 6.5-இலிருந்து 7.5 வரை ஓடவிடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளம் எங்கே என்பதை முதலில் பாருங்கள், எவ்வளவு ஆழம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

மொத்தம் 20.6 மீட்டர் ஒயர், பள்ளம் 6.88-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 7.1. 20.6-ஐ 6.88-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.96. அதாவது 64 சென்டிமீட்டர் அதிகம், பக்கத்துக்கு 32. வெட்ட வேண்டாம். முனையில் 32 சென்டிமீட்டரை மடித்து, அதே ஒயரோடு நெருக்கமாக முறுக்கிவிடுங்கள். மடிந்த பகுதி நீளத்தில் சேராது. மறுபடி மேலே ஏற்றி அளவெடுங்கள். கையெட்டும் உயரத்தில் வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். தரையும் சிலாபுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் பள்ளத்தை நகர்த்திவிடும். இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், இந்த வேலையில் குறுக்குவழி இல்லை.

இந்த ஒயர் 21 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு வேலை செய்யும், மூன்று மடங்கு அதிர்வெண் என்பதால். ஆனால் அங்கே பள்ளம் பேண்டுக்குக் கொஞ்சம் மேலே, 22 பக்கம் விழும், டியூனர் தேவைப்படலாம்.

இப்போது போனில் கேட்ட கேள்விக்கு வருவோம். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீத சக்தி. 2 என்றால் 11 சதவீதம். எதிர்முனையில் கேட்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 2-க்கு மேல் போனால் இன்றைய ரேடியோக்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதனால் அதற்குக் கீழே இருக்கட்டும். அவ்வளவுதான் அந்த எண்ணின் வேலை. ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை மாட்டினால் மீட்டர் 1.0 காட்டும், அனுப்பிய சக்தி முழுவதும் அங்கேயே சூடாகிப் போகும், பக்கத்துத் தெருவுக்குக்கூட ஒழுங்காகப் போகாது. 1.4-ஐ 1.1 ஆக்குவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. அந்த நேரத்தில் பைப்பை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தியிருக்கலாம்.

உண்மையான சோதனை காதில் நடக்கிறது. முதலில் ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துவிட்டு இரைச்சலைக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் எதிரி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அடுத்து, காலையில் நம் பக்கத்து நிலையங்கள் பேசிக்கொள்ளும்போது யார் யார் எவ்வளவு பலமாக வருகிறார்கள் என்று சில நாட்கள் குறித்துவையுங்கள். இரவில் அருகிலிருப்பவர்கள் மறைந்து தூரத்தவர்கள் ஏறிவந்தால் கலங்க வேண்டாம், அது அயனிமண்டலம் மெலிவதால்.

ஒலிபரப்பிப் பார்க்கும்போது, அலைவரிசை காலியா என்று கேட்டு, அழைப்புக்குறியைச் சொல்லி, 10 வாட்ஸில் தொடங்குங்கள். ஒரே ஒருவர் 'நன்றாக வருகிறீர்கள்' என்று சொன்னதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். விஸ்பர் என்றொரு முறை இருக்கிறது. இரட்டைப் பல்சார் கண்டுபிடிப்புக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்டது. அழைப்புக்குறி, இடம், சக்தி மூன்றையும் மிகச் சிறிய சக்தியில் இரண்டு நிமிடத்துக்குள் மெதுவாக அனுப்பும். உலகெங்கும் அதைக் கேட்கும் நிலையங்கள் எவ்வளவு பலத்தில் வந்தது என்று தாமாகவே பதிந்துவைக்கும். ஒரு வாரம் ஓடவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு அமெச்சூரின் பதிவோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். மீட்டர் சொல்லாததை அந்த வரைபடம் சொல்லும்.

இடி இடிக்கும் நாட்களில் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். முதல் நாள் எடுத்த நானோவிஎன்ஏ படத்தைச் சேமித்துவைத்து, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பள்ளம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் செம்பு இழுபட்டு நீண்டிருக்கிறது, இன்னும் இரண்டு விரற்கடை மடித்தால் சரியாகிவிடும். ஆனால் பள்ளமே மறைந்து, பேண்ட் முழுக்க எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகக் குறைந்து தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. போன சக்தியையும் திரும்பி வந்த சக்தியையும் அதுவே தின்றுவிடுவதால் மீட்டருக்குக் குறை தெரியவில்லை. மேல் முனையில் ஒரு அடி வெட்டி உறையைக் கிழித்துப் பாருங்கள். பின்னல் கறுத்திருந்தால் கேபிளை முழுதாக மாற்றுவது ஒன்றே வழி.