வடித்த ஒயில் எங்கே போகிறது?

என் காருக்கு எஞ்சின் ஒயிலை வீட்டு முற்றத்திலேயே மாற்றுகிறேன். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினால், ஒயில் இளகி அழுக்கோடு வடியும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்காதீர்கள், ஸ்ராண்ட் வைக்கவேண்டும். பழைய பில்டரின் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருந்தால் அகற்றுங்கள். இல்லையேல் ஒயில் கசியும். புதிய வளையத்தில் ஒயில் பூசிக் கையாலேயே இறுக்குங்கள். புது ஒயிலை டிப்ஸ்டிக்கின் மேற்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள்.

வடித்த ஒயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக அது நிலத்தடி நீரில் கலக்கக்கூடும். கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சுன்னாகம் பட்ட பாடு நமக்குத் தெரியும். இடம்பெயர்ந்து திரும்பிய பலர் முதலில் இறைத்துத் துப்புரவாக்கியது கிணற்றைத்தான். பழைய ஒயிலை மூடியுள்ள கானில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.