தை மாதத் தீயும் பங்குனித் தீயும்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் காலி நிலத்துப் புல்லிலிருந்து புகை கிளம்பினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 995க்கு அழைப்பது. மழை பொய்த்த நாட்களில் ஒரு சிகரெட் துண்டு போதும், ஒரு திடலே எரிந்துவிடும். 2014 பிப்ரவரியில் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழை மாதம் முழுவதற்கும் 0.2 மில்லிமீட்டர்தான். எப்போதும் பச்சையாகக் கிடக்கும் இந்தத் தீவின் புல்லும் காய்ந்து சருகாகும் என்பதை அந்த மாதம் காட்டியது. இந்த ஊருக்குப் பெயர் தந்த செம்பவாங் மரம் ஆற்றோரச் சதுப்புக் காடுகளில் வளர்வது, நாகப்பூ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. தீயோடு பழகிய மரம் அன்று. 19ஆம் நூற்றாண்டில் காம்பியர் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகள் வெட்டப்பட்டன. இலையை வேகவைக்கும் அடுப்புகளுக்கும் சுற்றியிருந்த காடே விறகாயிற்று. மண் சத்தற்றுப் போனதும் தோட்டக்காரர்கள் நிலத்தைக் கைவிட்டு நகர்ந்தார்கள். அங்கே லாலாங் புல் ஏறிக்கொண்டது. 1883இல் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நதேனியல் கான்ட்லி கணக்கெடுத்தபோது தீவில் எஞ்சியிருந்த காடு சுமார் 7 விழுக்காடுதான். லாலாங்கின் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் ஓடுகிறது. மேலே எரிந்தால் அது சில நாளில் மறுபடி தளிர்க்கும், அதனிடையே முளைத்த மரக்கன்றோ கருகிப்போகும். ஆகவே இந்த ஈர நாட்டில் காடு திரும்ப வேண்டுமானால் தீ நின்றாக வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை.

இங்கே கற்ற இந்தப் பாடத்தை அப்படியே கடல் தாண்டி எடுத்துச் சென்று, சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலை போன்ற வறண்ட மலைகளுக்கும் பொருத்திவிடுகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கோடையில் மலை எரியும் காணொளி கைப்பேசிக்கு வந்தால் நெஞ்சு பதைக்கிறது. ஊர்ப் பாசத்தில் மரம் நடும் திட்டங்களுக்கு வெள்ளி அனுப்புகிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்க, இடையெல்லாம் புல் நிறைந்திருக்கும் நிலம் பாழான காடு என்று நாம் நினைப்பது தவறு. அது சவன்னா எனப்படும் தனி வகை நிலம். அந்த நிலத்தில் எல்லாத் தீயையும் ஒரே தடையால் அடக்கியதுதான் அதைப் புதர்க்காடாக்கிப் பெருந்தீக்கு இரையாக்குகிறது என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

அந்த நிலத்துப் புற்கொத்து ஒன்றின் அடியை விரலால் விலக்கிப் பார்த்தால் இது விளங்கும். காய்ந்த இலையுறைகள் வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். அவற்றின் நடுவே, மண்மட்டத்திலோ அதற்குக் கீழோ, வெளிறிய குருத்து ஒளிந்திருக்கும். புல்லில் ஓடும் தீ நொடிகளில் கடந்துவிடுவதால் இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் அதிகம் சூடாவதில்லை. காய்ந்த தாள் எரிந்து வெயில் உள்ளே இறங்கியதும் அந்தக் குருத்து மேலே வருகிறது. மரக்கன்றின் நிலை வேறு. தண்டின் உச்சி தீ நாக்குக்கு மேலே எழும்வரை அது ஒவ்வொரு முறையும் எரிந்து, வேரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தடித்த பட்டையும் ஆழமான வேரும் உள்ளவை மட்டும் தப்பி மரமாகின்றன. மகேஷ் சங்கரனும் பன்னாட்டு அறிவியலாளர்களும் ஆப்பிரிக்கச் சவன்னாக்களில் 854 இடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு இதற்கு அளவுகோல் தருகிறது. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நீர்ப் பற்றாக்குறையே மரங்களைக் கட்டுப்படுத்தும்; அதற்கு மேல் போனால் தீயோ மேயும் விலங்குகளோ இல்லாமல் புல்வெளி நிலைக்காது. ஆசியாவின் மழைக்கணக்கு ஆப்பிரிக்காவுடையது அன்று என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் மலைகளுக்கு ஒட்ட முடியாது. ஆனால் நீர் இருந்தும் மரம் நெருங்காத இடத்தில் அதைத் தடுத்து நிறுத்துவது எது என்ற கேள்வி இங்கும் பொருந்தும்.

அந்தக் கேள்விக்குச் சோளகர்களிடம் பதில் இருந்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த இம்மக்கள், கர்நாடகப் பக்கம் பிளிகிரிரங்கன் மலையிலும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். தை, மாசியில், காடு முழுக்கக் காயும் முன்பே அவர்கள் சருகுக்கு இடும் சிறு நெருப்புக்குத் தரகு பெங்கி என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. புல்லில் ஈரம் மிச்சமிருக்கும் பருவம் என்பதால் தீ முழங்காலுக்கு மேல் எழாது. இங்கொரு திட்டும் அங்கொரு திட்டுமாக எரிந்து பனி இறங்கியதும் அடங்கிவிடும். 1974இல் அம்மலை சரணாலயமானது. அதன்பின் தீயிடுவது குற்றமாயிற்று. பின்பு நடந்ததைப் பெங்களூரின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். 1997க்கும் 2008க்கும் இடையில் மட்டும், ஆய்வு செய்த இடங்களில் உண்ணிச்செடி காணப்பட்டவை ஏறக்குறைய இரு மடங்காயின. முள்ளும் பின்னலுமாக ஆளுயரம் எழும் உண்ணிப் புதருக்கடியில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் தீ நின்றதே காரணம் என்கிறார்கள் சோளகர்கள். நெல்லிக்காய் பறித்து விற்பது அவர்களின் வாழ்வாதாரம் என்பதால் ஒவ்வொரு கிளையையும் அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்கள் அவை. அந்தக் கூற்றை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவையும் வலுவானவையே. முதலாவது, உண்ணியைப் பரப்புவதே தீதான் என்பது. எரிந்த இடத்தில் உண்ணி அடர்ந்து தழைக்கிறது, அடர்ந்த உண்ணி மேலும் கடுமையாக எரிகிறது என்ற சுழற்சியை ஆய்வாளர்கள் அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005இல் ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்றே நினைக்கிறேன். புல் மிகுந்து உண்ணி நாற்றாக இருக்கும் காலத்தில் தைத் தீ அதைக் கொல்லும். புதர் வளர்ந்து மூடிய பின் பங்குனியில் பற்றும் தீ, அந்தப் புதரையே ஏணியாக்கி மர உச்சிக்கு ஏறும். உண்ணியோ வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதனால் இன்று போய்த் தீ வைத்தால் நேற்றைய காடு திரும்பாது. முதலில் உண்ணியை அடிவேரோடு பெயர்த்தெடுத்து, புல் வந்த பிறகே சிறுதீக்கு இடம் உண்டு.

இரண்டாவது, தரையில் கூடு கட்டும் பறவைகளும் ஊர்வனவும் மரக்கன்றுகளும் அழிகின்றன என்பது. அழிகின்றன, மறுப்பதற்கில்லை. அதனால்தான் ஒரே நாளில் ஒரே பரப்பாக எரிக்காமல், திட்டுத்திட்டாக, இடத்துக்கு இடம் ஆண்டு மாற்றி எரிக்க வேண்டும் என்கிறோம். மூன்றாவது, கரியமில வாயு. வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் நிலத்தில் 2006 முதல் பழங்குடிக் காவலர்கள் வறட்காலத் தொடக்கத்திலேயே சிறுதீ இட்டு, கடைசிக்காலப் பெருந்தீயைக் குறைத்து, அதனால் குறையும் வாயுக்களுக்கு ஊதியமும் பெறுகிறார்கள். எரிப்பதா வேண்டாமா என்ற கணக்கு அங்கே எழவில்லை. எந்த மாதம் எரிப்பது என்பதே கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சரணாலயத்துக்குத் தீவைப்பதையும், அதற்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதையும் தடை செய்கிறது. தனியாள் எவரும், சோளகரே ஆனாலும், தாமாகக் காட்டில் தீயிட்டால் வழக்கு பாயும். அதை அறிந்தே நடக்க வேண்டும். ஆனால் வனத்துறையே கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளில் புல்லை எரித்து விடுகிறது. எரிப்பது துறைக்கு மேலாண்மையாகவும் மக்களுக்குக் குற்றமாகவும் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க வழி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாளவும் உரிமை தருகிறது அதன் 3(1)ஆம் பிரிவு. பாரம்பரிய அறிவின் மீதான உரிமையையும் அதே பிரிவு ஏற்கிறது. 2011இல் பிளிகிரிரங்கன் புலிகள் காப்பகத்தின் சோளகக் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. இத்தகைய கிராம சபை தன் மேலாண்மைத் திட்டத்தில் எந்தச் சரிவு, எந்த மாதம், யார் காவல், அணைக்க யார் என்று எழுதி, வனத்துறையோடு உட்கார்ந்து பேசி ஒப்புதல் வாங்குவதே உறுதியான தீர்வு. அதற்குத் துறையும் மனமிறங்க வேண்டும்.

மலையேறச் செல்வோருக்கு ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணிச் சரிவில் பற்றிய தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கித்தான் வேகமெடுக்கும்; ஆகவே மேலே ஓடக் கூடாது. பாறைத்திட்டோ எரிந்து முடிந்த கரிநிலமோ கிடைத்தால் அதுவே புகலிடம். அனுமதியில்லாத பாதையில் கோடையில் அழைத்துச் செல்லும் எவரோடும் போகாதீர்கள்.

நம்மை மூச்சுத் திணற வைக்கும் புகைமூட்டத்தை இந்தச் சிறுதீயோடு குழப்பவும் கூடாது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவது பெரும்பாலும் வடிகால் வெட்டி உலர்த்தப்பட்ட கரிச்சதுப்பு நிலம். நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனலும் அந்தத் தீயில் எந்தப் புல்வெளியும் பிழைப்பதில்லை. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயகரம். அதையடுத்து வந்த 2014ஆம் ஆண்டின் எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம், பொறுப்பான நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரையும், மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. நோயுற்றவரோ தொழிலில் நட்டப்பட்டவரோ உரிமையியல் வழக்கும் தொடுக்கலாம். மருத்துவச் சீட்டையும் கடையின் வரவுக் கணக்கையும் பத்திரப்படுத்தி வைத்தால்தான் அந்த உரிமை கைகொடுக்கும்.

ஊர் மலைக்கு மரம் நட நிதி கேட்டு யாராவது வந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த இடம் முன்பு காடா, புல்வெளியா? நடப்போவது அம்மண்ணுக்கு உரிய மரமா, நீலகிரியின் புல்மேடுகளை விழுங்கிய வாட்டில் போன்ற அயல் மரமா? அந்த ஊர்க் கிராம சபை இதற்கு ஒப்பியதா? மூன்றாவது கேள்விக்குத் தீர்மானத்தின் நகலையே கேட்டு வாங்குங்கள்.