ஹீட்டிங் பைப்பில் பச்சைக் களிம்பா? துடைச்சுட்டு விட்டுடாதீங்க!

பேஸ்மென்ட்டில் ஓடும் செம்புக் குழாய். அதன் ஜாயின்ட்டில் பச்சையாகக் களிம்பு, தொட்டால் பிசுபிசுப்பு. கனடா, அமெரிக்காவில் குழாய்களில் வெந்நீரைச் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்குபவர்கள் சிலர் இதைத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரச்னை வெளியே இல்லை, குழாய்க்கு உள்ளே.

ஆன்டிஃப்ரீஸ் எதுக்கு?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். கடுங்குளிரில் கரன்ட் போய் பாய்லர் நின்றால், குழாய் வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் சில வீடுகளில் தண்ணீரோடு கிளைக்கால் என்ற திரவத்தைக் கலக்கிறார்கள். வீடுகளுக்கென்று விற்பது பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைந்த புரொப்பிலீன் கிளைக்கால்.

களிம்பு எப்படி வருது?

சூட்டிலும் காற்றிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் கிளைக்கால் சிதைந்து அமிலமாகும். அதைச் சமாளிக்க அரிப்புத் தடுப்பு ரசாயனம் சேர்த்தே விற்கிறார்கள். அது தீர்ந்ததும் அமிலம் செம்பை அரிக்கத் தொடங்கும். ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாதுன்னு பாட்டி சொல்வாங்களே, அதே கதைதான்.

தண்ணீர் கசியாத இடுக்கில்கூட கிளைக்கால் கசியும். வெளியே வந்த சொட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும். கிளைக்கால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அங்கே காற்றும் ஈரமும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு.

பலர் செய்யும் தப்பு

பிரஷர் குறைந்ததும் வால்வைத் திறந்து வெறும் தண்ணீரை நிரப்புவதுதான். புதுத் தண்ணீர் ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு வரும். மிச்சமிருக்கும் தடுப்பு ரசாயனமும் நீர்த்துப்போகும். அரிப்பு கூடும், இன்னொரு இடத்தில் கசியும், மறுபடி தண்ணீர்!

இதைவிட மோசம், கார் கூலன்ட்டை ஊற்றுவது. அதில் பொதுவாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் விஷம். இருமல் மருந்து மரணங்களில் அடிபட்ட டைஎத்திலீன் கிளைக்காலுக்கு நெருங்கிய சொந்தம். சில பாய்லர்களில் இதே திரவம்தான் சுருள் குழாய் வழியாகக் குளிக்கிற, சமைக்கிற தண்ணீரையும் சூடாக்குகிறது. அந்தச் சுருளில் ஓட்டை விழுந்தால், விஷம் அடுப்படிக் குழாய்வரை வரலாம்.

என்ன செய்யணும்?

திரவத்தில் கொஞ்சம் எடுத்து பிஹெச் ஸ்ட்ரிப்பில் பாருங்க. அளவு 7-க்குக் கீழே போயிருந்தாலோ, நிறம் கறுத்து கருகல் வாடை அடித்தாலோ, ஜாயின்ட்டை மட்டும் பற்றவைத்துப் பயனில்லை. பிளம்பரைக் கூப்பிட்டு முழுவதையும் வடித்து, குழாய்களைக் கழுவி, புது கிளைக்கால் நிரப்பச் சொல்லுங்க. குளிர் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. ஜனவரியில் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு இந்த வேலையைப் பார்க்க முடியாது.