மலைக்காற்றில் ஆடும் ஏணை

மார்கழி பிறந்துவிட்டால் ஹாலிஎலயில் விடியல் தாமதித்தே வரும். 2036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலை மலைமுடி முகிலுக்குள் முகம் புதைத்துக் கிடக்கும். புகைவண்டி நிலையத்துத் தண்டவாளங்களிலும் தேயிலைத் தளிர்களிலும் பனிநீர் ஒன்றுபோலவே முத்திட்டிருக்கும். பல்லாண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு காலையில், அயலிலுள்ள ஒரு தோட்டத்து மலையேறிச் சென்ற யான், நிழல் மரமொன்றின் கிளையிலே பழஞ்சேலையொன்று ஏணையாய்த் தொங்குவதைக் கண்டேன். அதனை ஆட்டுவார் ஒருவரும் இலர்; காற்றே ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மகவு இனிது துயின்றது. அதன் தாய் நான்கு நிரை தள்ளிக் கொழுந்து கொய்துகொண்டிருந்தாள்.

ஏணை என்பது ஈழத்து வழக்கு. தமிழகத்தார் தூளி என்பர்; தொட்டில், தொட்டி என்பாரும் உளர். பெயர் எதுவாயினும், இரு முனையையும் முடிந்து தொங்கவிட்ட துணிதான். பெரியாழ்வார் கண்ணனை மாணிக்கமும் வயிரமும் இழைத்த தொட்டிலில் இட்டுத் தாலாட்டினார். தோட்டத்துத் தாய்க்கு வாய்த்தது நைந்த சேலையும் ஒரு மரக்கிளையும்.

தூங்குதல் என்னுஞ் சொல்லை இக்காலத்தார் பெரும்பாலும் துயிலுதல் என்ற பொருளிலேயே வழங்குகின்றனர். பழந்தமிழில் அதன் முதற்பொருள் தொங்குதலும் அசைதலுமாம். துயில், உறக்கம், துஞ்சல், கண்படை என நித்திரைக்கு வேறு சொற்கள் பல இருந்தன. வானிலே தொங்கிய மதிலைச் சோழனொருவன் அழித்தான் என்னும் பழங்கதையில் அம்மதிலின் பெயர் தூங்கெயில். அசைந்தசைந்து நடக்கும் யானைக்குத் தூங்கல் என்பது ஒரு பெயர். வஞ்சிப்பாவுக்குரிய ஓசை தூங்கலோசை. தொங்கும் துணியிலே ஆடி ஆடிக் கண்ணயர்ந்த மகவே இச்சொல்லுக்கு இரண்டாம் பொருளைத் தந்திருக்கும் என்பது என் ஊகம். புலவர்கள் மறுக்கலாம்; எனினும் அவ்வேணையைக் கண்ட நாள்முதல் அதனைக் கைவிட எனக்கு மனமில்லை.

வடபுலத்துப் பேச்சில் பழம்பொருளே இன்றும் நிற்கின்றது. அங்கே மக்கள் நித்திரை கொள்வர். தூங்குவதென்றால் கழுத்திற் கயிறிட்டுத் தொங்குவது. யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குப் புதிதாய் வந்த ஆசிரியர் ஒருவர், பள்ளிக்கு வராத மாணவனைப் பற்றி வினவினார். "அவன் வீட்டுல தூங்குறான் சார்" என்றான் அடுத்த லயத்துச் சிறுவன். ஆசிரியர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை நழுவவிட்டு வாயிலை நோக்கி ஓடினாராம்!

ஊவாவின் குளிர் நுவரெலியாவின் குளிரன்று. அங்கே தை மாதத்தில் புல்லின்மீது உறைபனி படிவதுமுண்டு. ஹாலிஎலயோ ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். எனினும் இப்பகுதிக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவதால், ஐப்பசி முதல் தை வரை குளிரும் ஈரமும் ஒருங்கே நிற்கும். ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் வறண்ட காற்று ஆடி ஆவணிக்குரியது. குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர், மலையிலே வெளியில் இராத்தங்குவது இன்னதென அறிந்தவர்களே. தினைப்புனத்தில் பரண்மீது யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்த குறவனை யாமத்துக் குளிரில் வைத்துப் பார்த்தே அவ்விலக்கணம் பிறந்திருக்க வேண்டும்.

ஏணையில் துயில்வோரைக் குளிர் மேலிருந்து தாக்குவதினும் கீழிருந்தே மிகுதியாகத் தாக்கும். நிலத்திற் படுத்தால் முதுகேனும் காற்றுக்கு மறைவு. தொங்கும் துணியிலோ முதுகின்கீழும் காற்று ஓடும். உள்ளே கம்பளியை மடித்திட்டாலும் உடற்பாரம் அதனை நசுக்கிவிடும். வெப்பத்தைக் காப்பது கம்பளியின் இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றன்றோ? அது வெளியேறிய பின் கம்பளியாற் பெரும்பயன் இல்லை. மேனாட்டிலே மாரிக்காலம் முழுவதும் காட்டில் தொங்குபடுக்கை கட்டித் துயில்வதை இன்பமாய்க் கொண்டோர் உளர். அவர்கள் படுக்கைக்கு வெளியே, அடிப்புறத்தில், பஞ்சடைத்த போர்வையொன்றைத் தளர்வாய்த் தொங்கவிடுகின்றனர். பாரம் படாமையால் அது நசுங்குவதில்லை.

தொங்குபடுக்கையை மேனாட்டார்தாமும் பிறரிடமிருந்தே கற்றனர். 1492 இல் கொலம்பசு கரீபியத் தீவுகளை அடைந்தபோது, தைனோ மக்கள் 'அமாக்கா' என வழங்கிய படுக்கையைக் கண்டான். பிரித்தானியக் கடற்படை 1597 இல் அதனைத் தன் மாலுமிகளுக்கு ஏற்றுக்கொண்டது.

அன்று ஹாலிஎல மலையில் யான் கண்ட ஏணைக்கும் ஓர் அடிப்போர்வை இருந்தது. சேலைக்கு வெளியே ஒரு கம்பளி, மற்றோர் ஏணைபோலத் தளர்வாய்க் கட்டப்பட்டிருந்தது. விறகு பொறுக்கிக்கொண்டு அவ்வழி வந்த மூதாட்டியிடம் காரணம் கேட்டேன். "உள்ள போட்டா அமுங்கிப் போகுங்க ஐயா. வெளிய கட்டுனாத்தான் சூடு நிக்கும்" என்றாள். எந்த நூலும் அவளுக்கு இதனைக் கற்பித்ததில்லை. துணியின் வாய் மூடிக்கொள்ளாதபடி குறுக்கே ஒரு கம்பும் செருகியிருந்தது.

ஏணையைப் போற்றிப் பேசுவதோடு நிறுத்திவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. வளைந்த துணியிலே சிசுவின் தலை கவிழ்ந்து மோவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுத் தடைப்படலாம். ஆதலால் மல்லாந்த நிலையில், தட்டையான உறுதியான படுக்கையிலே கிடத்துக என்பர் இன்றைய மருத்துவர். அதனை ஏற்கத்தான் வேண்டும். சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளில் மாரியிலும் குழந்தைகளைத் தள்ளுவண்டியிற் கிடத்தி வெளியே பகற்றுயில் கொள்ளச் செய்கின்றனர் என்று காட்டி, மலைநாட்டு வழக்கத்துக்கு நியாயம் கூறுவாரை யான் கண்டதுண்டு. அவ்வொப்புமை பொருந்தாது. அங்கே தாய் விரும்பி வெளியே கிடத்துகின்றாள். குளிர் மிகுந்தால் உள்ளே எடுத்துக்கொள்வாள். தேயிலை நிரையில் நிற்பவளுக்கு அவ்வுரிமை ஏது? கங்காணியின் குரலும் கூடையின் நிறையுமே அவளுடைய பொழுதை வகுத்தன.

இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இல் வந்தது. தோட்டங்களிலே பிள்ளைக்காம்பராக்களும் எழுந்தன. அவை இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்னும் பெயர் பூண்டுள்ளன. அங்கும் நெடுங்காலம் விட்டத்திலே வரிசையாய்ச் சேலைகளே தொங்கின.

அன்று மழை தூறத் தொடங்கிற்று. மற்றப் பெண்கள் தலையிலே கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு கொழுந்து கொய்தனர். நான்கு நிரை தள்ளி நின்றவள்மட்டும் வெறுந்தலையோடு நனைந்துகொண்டிருந்தாள். "அவளுக்குக் கம்பளி இல்லையா?" என்று கேட்டேன்.

மூதாட்டி ஏணையின் அடிப்புறத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஒண்ணுதாங்க ஐயா இருக்கு."