குடும்ப அட்டையும் விலக்கு நாட்களும்

நலத்திட்டம் என்று பேச்செடுத்தாலே 'இலவசம் தேவையா' என்ற ஒரே வட்டத்துக்குள் சுற்றி வருகிறோம். எதைத் தேவை என்று அரசு ஒத்துக்கொள்கிறது, யாருடைய உடலை வைத்து அதை அளக்கிறது என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. மாதவிலக்கை முன்வைத்து அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ரேஷன் கடைப் பலகையில் என்ன இருக்கும்? அரிசி, சர்க்கரை, கோதுமை, துவரம்பருப்பு, பாமாயில், மண்ணெண்ணெய். வயிறும் அடுப்பும்தான். நம்மூர்க் கோளாறு மட்டுமல்ல இது. அமெரிக்காவில் ஏழைகளுக்குத் தரும் உணவுதவி அட்டையைக் கொண்டு ரொட்டி வாங்கலாம், நாப்கின் வாங்க முடியாது. பசி பொதுப் பிரச்சினை, இரத்தம் அவரவர் சொந்த விஷயம் என்ற பிரிவினையில் இரண்டு அரசுகளும் ஒன்றுதான். ஸ்காட்லாந்தில் மட்டும், 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், கேட்கும் எவருக்கும் இதை இலவசமாகத் தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது.

தமிழ்நாடு இந்தியாவில் முன்னே நின்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2011இல் அறிவித்து 2012இல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில், 10 முதல் 19 வயது வரையான கிராமப் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட், ஒன்றில் 6 நாப்கின். படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில், படிப்பை விட்டவர்களுக்கு அங்கன்வாடியில். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதத்துக்கு 9. ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு இரண்டுகூடத் தேறாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்தணும்னு சொல்லித்தருகிறார்கள். அப்படி மாற்றினால் 20 வேண்டும். ஆக, இந்தத் திட்டம் மனதில் வைத்திருக்கும் பெண்ணுடல் பாதிதான் இரத்தம் சிந்துகிறது.

19 வயதுக்குப் பிறகு? அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் கிடைக்கும். சிறைக்குப் போனால் கிடைக்கும். மனநல மருத்துவமனையில் உள்நோயாளியானால் கிடைக்கும். தாய், கைதி, 'பைத்தியம்'. ஃபூக்கோ படித்த நண்பர்களுக்கு இந்த வரிசை ஆச்சரியம் தராது. காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப்போடும் 20 வயதுப் பெண் இதில் எங்கேயும் வரமாட்டாள். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவளுக்கு. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனாலும் அவள் 'குடும்பத் தலைவி'யாக இருந்தாக வேண்டும்.

இந்தத் 'தலைவி'யில்தான் சிக்கல். வீட்டுவேலைக்கான அங்கீகாரம் என்ற வகையில் அந்தத் தொகையை வரவேற்கிறேன். தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் விழுந்தது சாதாரண விஷயமல்ல. ஆனால் ஒரு அட்டைக்கு ஒருத்திதான். கூட்டுக்குடும்பத்தில் அந்த ஒருத்தி பெரும்பாலும் மாமியார். விலக்கு நின்று போனவர். கோட்டையூர்ப் பக்கம் ஒரு மருமகள் சொன்னாள்: "அத்தை கணக்குலதாங்க்கா விழுகுது. பாலுக்கு, கேஸுக்குன்னு போயிருது. இதுக்குன்னு எப்புடிக்கா கேக்குறது?" மக்கள் மருந்தகத்தில் 2019லிருந்து ஒரு நாப்கின் ஒரு ரூபாய். மாதம் 20 ரூபாய். ஆயிரத்தில் இருபது பெரிசா என்று கேட்பவர்கள், அந்த இருபதைக் கேட்க வேண்டிய வாயைப் பற்றி யோசிப்பதில்லை. பணம் வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டின் அதிகாரப் படிநிலைக்குள் போய்விடுகிறது.

வீடு மட்டுமா? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமம், பொட்டு, வளையலுக்கு வரி இல்லை. நாப்கினுக்கு 12 சதவீதம். எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜூலையில்தான் நீக்கினார்கள். சுமங்கலியின் அடையாளம் அத்தியாவசியம், அவளுடைய தீட்டு ஆடம்பரம் என்பதாக இருந்தது அந்தப் பட்டியல்.

நாப்கின் கம்பெனிக்காரன் சரக்கு, பிளாஸ்டிக் குப்பை, பாட்டிமார் துணியே நல்லது என்று சில தோழர்கள் சொல்வார்கள். குப்பை விஷயம் உண்மை. ஆனால் துணிக்குத் தண்ணீர் வேண்டும், சோப்பு வேண்டும், வெயில் வேண்டும். செட்டிநாட்டு வளவு முற்றங்களில் வெயில் கொட்டிக் கிடக்கும். வத்தலும் அப்பளமும் காயும். அந்தத் துணி மட்டும் பின்கட்டு இருட்டில், பழைய சேலைக்கு அடியில் ஈரம் போகாமல் கிடந்தது. துணியா நாப்கினா என்பதை அவள் முடிவு செய்யட்டும். பலவந்தமாகத் துணி மிச்சமாவதைத் தேர்வு என்று சொல்லாதீர்கள்.

பொருளாகவே ரேஷன் கடையில் கொடுக்கலாம் என்பது என் கட்சி. குடும்ப அட்டையில் ஒவ்வொருவர் பெயரும் வயதும் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. தலைவி யாராக இருந்தாலும் பெண் எண்ணிக்கைப்படி, பருப்புக்கு அடுத்த வரியில், துணியோ நாப்கினோ எழுதலாம். புதிதாக விண்ணப்பம் எதுவும் வேண்டியதில்லை. விற்கிறவர் ஆம்பளையாச்சே, வரிசையில் நாலு பேர் பார்ப்பாங்களே என்றார் ஒரு நண்பர். மருந்துக்கடையில் கருப்புப் பையில் சுற்றிக் கொடுப்பவரும் ஆம்பளைதான். பார்க்கட்டும்.