சவுக்கு: மணலில் முதற்குடி ஏறும் மரம்

புதிதாக ஒதுங்கிய மணல்மேட்டிலும், மரமின்றி வெறுமையான நிலத்திலும் முதலில் வேரூன்றும் மரங்கள் சில உண்டு. விரைந்து வளர்தலும், நிழலைத் தாங்காமையும் அவற்றின் இயல்பு. நம் கடற்கரைச் சவுக்கு அவ்வினத்தது. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கரைகளுக்கு உரிய இம்மரம், 1860களில் புகைவண்டிக்கு விறகு வேண்டிச் சென்னையை அடுத்த கரையோரத்தில் தோப்புகளாகப் பயிரிடப்பெற்றது. புகைவண்டி விறகை விட்டுவிட்டது. நாம் சவுக்கை விடவில்லை.

சத்தற்ற மணலில் அது செழிப்பது எங்ஙனம்? அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்திற்கு ஏற்ற உணவாக்கித் தருகிறது. உளுந்தின் வேரில் வாழும் ரைசோபியம் வேறு, இது வேறு. ஆதலின், சவுக்கே கண்டிராத நிலத்தில் நடுவோர், நல்ல தோப்பொன்றின் வேர்முடிச்சுகளை நசுக்கி நீரில் கரைத்து நாற்றுகளுக்கு வார்த்தல் நலம். நாற்றங்காலில் எறும்பின்மீதும் ஒரு கண் வேண்டும்; சற்று அயர்ந்தால் விதை முழுவதும் புற்றுக்குப் போய்விடும்.

பந்தற்கால், சாரக்கம்பு, கூரைக்கழி ஆகியவற்றுக்கு இம்மரம் ஏற்றது. விறகோ பச்சையாகவே எரியும். பலகைக்கு உதவாது, காய்கையில் வெடிக்கும். பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோல் பதனிடப் பயன்பட்டது. பசிபிக் தீவுகள் சிலவற்றில் மரவுரிக்குப் பழுப்புச் சாயமும் அதனின்று பெற்றனர் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்கள் அறிந்து மகிழ்வர். கரூரை அடுத்த காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி தொடங்கிய ஆலை, கரும்புச் சக்கையோடு சவுக்குக் கூழையும் பயன்படுத்துகிறது.

இனி விற்பனை. நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில், அங்கத்தினர் ஒருவர் நான்காண்டுத் தோப்பை நின்றபடியே கண்மதிப்பில் விற்றிருந்தார். மகள் திருமணம் நெருங்கிவிட்டது. அண்டை நிலத்தார் அதே வயதுத் தோப்பை வெட்டி, எடையிட்டு விற்றார். இருவர் கணக்கையும் சங்க மேசையில் ஒப்பிட்டபோது முதலாமவர் வாய் திறக்கவில்லை. திருமணச் செலவுக்குச் சங்கத்தில் கடன் பெற்றிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நாமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வெட்டியதும் நேரான கழிகளைப் பிரித்து எண்ணி விற்பதும், எஞ்சியதை எடையில் விற்பதுமே இலாபம். வெட்டிய மரம் நாளுக்கு நாள் ஈரம் வற்றி எடை குறையுமாதலால், வண்டி வரும் நாள் உறுதியான பின்னரே கோடரியை எடுக்கவும். வேர்க்கட்டையைப் பேரத்தில் இனாமாகச் சேர்த்துவிட வேண்டா. தோண்டியெடுத்தால் அதுவும் விலைபோகும் விறகே.