நாடகத்தில் குடி: நாட்டுக்கு நாடு ஒரு விதம்!

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் பெரிய படப்பிடிப்பு நகரம் ஒன்று இருக்கிறது. சினிமாவும் டெலிவிஷன் நிகழ்ச்சிகளும் அங்கே எடுக்கப்படுகின்றன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், இரவுச் சாப்பாட்டோடு நாடகம் பார்க்கிறார்கள்.

நாடகத்தில் ஒருவன் குடிக்கிறான், தள்ளாடுகிறான். நடிகரின் கையில் இருப்பது பெரும்பாலும் நிறத் தண்ணீர்தான். ஆனால், பார்க்கும் பிள்ளையின் மனதில் அது மதுவாகத்தான் பதிகிறது!

இந்தக் காட்சியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது.

மதுக்கடையே கூடம்

இங்கிலாந்தில் "கரோனேஷன் ஸ்ட்ரீட்" என்ற நாடகம் 1960-ம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அதில் தெருக்காரர்கள் கூடும் இடம் ஒரு மதுக்கடை. நம் ஊர் டீக்கடை பெஞ்சு போல, வம்பும் காதலும் சண்டையும் அங்கேதான். குடிப்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இரு கையால் மரியாதை

கொரிய நாடகங்கள் இப்போது தமிழ்க் குரலிலும் வருகின்றன. அவற்றில் "சோஜு" என்ற மது அடிக்கடி வரும். பெரியவர் ஊற்றினால் இளையவர் இரு கைகளாலும் ஏந்துவார். முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு குடிப்பார். அது அந்நாட்டு மரியாதை.

மங்கிய கோப்பை

துருக்கியில் 2013-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. டெலிவிஷன் நாடகங்கள் மதுவுக்கு ஆசை காட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். அங்கே கோப்பையை மங்கலாக்கியே காட்டுகிறார்கள்.

நம் நாட்டில்

டெலிவிஷன் வருவதற்கு முன்பே நம் சினிமா ஒரு வழியைக் காட்டியது. அண்ணா எழுதி, என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த "நல்லதம்பி" (1949) மதுவிலக்கைப் பிரசாரம் செய்தது. எம்.ஜி.ஆரின் 100-வது படமான "ஒளிவிளக்கு" (1968) படத்தில், குடித்த கதாநாயகனை அவன் மனச்சாட்சியே பல உருவில் வந்து இடித்துரைக்கும்.

1984-ல் தூர்தர்ஷனில் "ஹம் லோக்" நாடகம் தொடங்கியது. அந்தக் குடும்பத்தின் தந்தை குடிகாரர். அதனால் மனைவி மக்கள் படும் பாடு வீடுதோறும் தெரிந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி மக்களிடம் பேசுவார்.

ஒரு வரி போதும்

அமெரிக்காவில் நடந்தது வேறு. குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாண்டவர்கள் அங்கே ஏராளம். 1988-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையினர் நாடக ஆசிரியர்களை அணுகினார்கள். "சேர்ந்து போகிறவர்களில் ஒருவர் குடிக்காமல் இருந்து வண்டி ஓட்ட வேண்டும்" என்ற கருத்தை வசனத்தில் சேர்க்கச் சொன்னார்கள். 160-க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அது இடம் பெற்றது. அப்படி ஓட்டுகிறவரைக் குறிக்கும் சொல் 1991-ல் அகராதியிலும் ஏறிவிட்டது!

மறுநாள் காலை

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் இருக்கிறது. தெருவில் கடை இருக்கும்போது, திரையில் கோப்பையை மறைத்து மட்டும் பயன் என்ன?

குடித்தவனின் இரவைக் காட்டும் நாடகம், அவனுடைய மறுநாள் காலையையும் காட்ட வேண்டும். சம்பளத்தில் மிஞ்சியது எவ்வளவு? அடுப்பு எரிந்ததா? பிள்ளை பள்ளிக்கூடம் போனானா?

நாடகம் அதைக் காட்டாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் தந்தையர் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதற்கு விளம்பர இடைவேளையே போதும்.